சேம்பர்லேன் கையில் இருந்த தாள்: ஒரு பழைய படத்தைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் சனிக்கிழமைக் காலைகளில் சாதாரண தர, உயர்தர மாணவர்களுக்கு வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டாம் உலகப் போர் பாடம் தொடங்கும் நாளில் ஒரு படத்தைப் பலகையில் ஒட்டிவிட்டுத்தான் பேசத் தொடங்குவேன். விமானத்திலிருந்து இறங்கி வந்த வயதான மனிதர் ஒருவர், ஒலிவாங்கிகளுக்கு முன்னால் நின்று ஒரு தாளை உயர்த்திப் பிடித்திருக்கிறார். அவ்வளவுதான் படம்.

ஒட்டியதும் கேள்விகள் வரும். பிள்ளைகள் வருடா வருடம் மாறுகிறார்கள், கேள்விகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. கூட்டிப்போக வரும் பெற்றாரும் வாசலில் நின்று அதையே கேட்கிறார்கள். இரவில் வட்ஸ்அப்பிலும் அதே கேள்வி. ஆகவே எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதிவைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

இந்தப் படத்தில இருக்கிறது யார் மிஸ்? எப்ப எடுத்தது?

நெவில் சேம்பர்லேன். அன்றைய பிரித்தானியப் பிரதமர். படம் எடுத்த நாள் 1938 செப்டம்பர் 30, வெள்ளிக்கிழமை மாலை. ஜேர்மனியின் மியூனிக் நகரில் ஹிட்லரைச் சந்தித்துவிட்டு லண்டன் திரும்பி, விமானத்திலிருந்து இறங்கிய கையோடு பேசுகிறார். அப்போது அவருக்கு வயது 69.

அந்த ஒரே மாதத்தில் அவர் மூன்று தடவை ஜேர்மனிக்குப் பறந்திருந்தார். 15ஆம் தேதி பெர்க்டெஸ்காடனுக்கு, 22ஆம் தேதி பாட் கோடெஸ்பெர்குக்கு, 29ஆம் தேதி மியூனிக்குக்கு. ஒரு நாட்டின் தலைவர் விமானம் ஏறிப்போய் இன்னொரு தலைவரிடம் நேரில் பேசுவது இன்று தினசரிச் செய்தி. அன்று அது பெரும் புதுமை. விமான நிலையத்தில் அத்தனை கமராக்கள் காத்துக்கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இது ஹீத்ரோ எயார்போட் தானே?

இல்லை. ஹீத்ரோ பொது விமான நிலையமாகத் திறந்தது போர் முடிந்த பிறகு, 1946இல். இது லண்டனுக்கு மேற்கே இருந்த ஹெஸ்டன் விமானத்தளம். ஹீத்ரோவுக்குப் பக்கம்தான், ஆனால் வேறு இடம். போருக்குப் பின் அதை மூடிவிட்டார்கள். இன்று அந்தப் பக்கமாக நெடுஞ்சாலை ஓடுகிறது. வண்டியை நிறுத்தித் தேநீர் குடிக்கும் ஓர் இடம் மட்டும் ஹெஸ்டன் என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது.

கையில வச்சிருக்கிற அந்தப் பேப்பர் தானே மியூனிக் ஒப்பந்தம்?

இல்லை. இந்தப் படத்தைப் பற்றிய தவறுகளில் அதிகம் பரவியது இதுதான். ஒரு பாடசாலையின் தவணைப் பரீட்சை வினாத்தாளிலேயே படத்துக்குக் கீழே "மியூனிக் ஒப்பந்தத்தைக் காட்டும் பிரித்தானியப் பிரதமர்" என்று அச்சடித்திருந்தார்கள். என் மாணவி ஒருத்தி விடைத்தாளில் "இது ஒப்பந்தம் அல்ல" என்று எழுதி, அதற்காகவே புள்ளி இழந்து வந்தாள். அந்தப் பிள்ளை எழுதியதுதான் சரி. அவளுக்காகவே இந்தப் பதிலைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அன்று இரண்டு ஆவணங்கள் இருந்தன. முதலாவது மியூனிக் ஒப்பந்தம். அதில் கையெழுத்திட்டவர்கள் நான்கு பேர்: ஹிட்லர், இத்தாலியின் முசோலினி, பிரான்சின் தலாதியே, சேம்பர்லேன். செக்கோசிலோவாக்கியாவில் ஜேர்மன் மொழி பேசுவோர் நிறைந்த சுதேத்தன்லாந்து என்ற எல்லைப் பகுதியை ஜேர்மனிக்குக் கொடுப்பது என்று அதில் முடிவானது. அதன் மேல் 29ஆம் தேதி என்று போட்டிருந்தாலும், உண்மையில் கையெழுத்து விழுந்தது 30ஆம் தேதி விடியற்காலை ஒன்றரை மணியளவில்.

இரண்டாவது, படத்தில் நாம் பார்க்கும் தாள். கையெழுத்துகள் முடிந்து, தூங்கி எழுந்த பிறகு, சேம்பர்லேன் தனியாக ஹிட்லரின் வீட்டுக்குப் போனார். மியூனிக்கில் பிரின்ஸ்ரீகெண்டன்பிளாட்ஸ் என்ற சதுக்கத்தில் ஹிட்லருக்கு ஒரு அடுக்குமாடி வீடு இருந்தது. தான் தயாரித்து எடுத்துப்போன சின்ன அறிக்கை ஒன்றை அங்கே வைத்து ஹிட்லரிடம் கையெழுத்து வாங்கினார். ஆங்கில-ஜேர்மன் பிரகடனம் என்று அதற்குப் பெயர். ஒரே பக்கம், இரண்டே கையெழுத்து. ஹெஸ்டனில் அவர் ஆட்டிக் காட்டியது அதைத்தான்.

அப்ப அந்தத் தாளில என்னதான் எழுதியிருக்கு?

மூன்று சிறிய பத்திகள். முதல் பத்தி, இரு நாட்டு உறவு இரு நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் மிக முக்கியம் என்று இருவரும் ஏற்றுக்கொள்வதாகச் சொல்கிறது. இரண்டாவது, முந்திய இரவு கையெழுத்தான ஒப்பந்தத்தையும், ஜேர்மன் கடற்படையின் அளவுக்கு எல்லை வைத்த ஆங்கில-ஜேர்மன் கடற்படை ஒப்பந்தத்தையும், "இனி ஒருபோதும் ஒருவரோடொருவர் போருக்குப் போவதில்லை என்ற நம் இரு மக்களின் விருப்பத்தின் அடையாளமாக" கருதுவதாகச் சொல்கிறது. இனி வரும் பிரச்சினைகளைக் கலந்துபேசித் தீர்ப்போம் என்பது மூன்றாவது.

வகுப்பில் இரண்டாவது பத்தியை மூன்று தடவை வாசிக்கச் சொல்வேன். அதில் போர் செய்யமாட்டோம் என்ற வாக்குறுதி எங்கே இருக்கிறது? இல்லை. "விருப்பம்" இருக்கிறது. அதுவும் தலைவர்களின் விருப்பம்கூட அல்ல, மக்களின் விருப்பம். அந்த விருப்பத்துக்கும் "அடையாளம்" என்றுதான் இரண்டு ஒப்பந்தங்களைக் காட்டுகிறது. மீறினால் என்ன நடக்கும் என்று ஒரு வரியும் கிடையாது. காணி உறுதி எழுதும் நொத்தாரிசு ஒருவரிடம் இதைக் காட்டினால் முதல் வாசிப்பிலேயே சொல்லிவிடுவார், இதில் யாரையும் கட்டுப்படுத்த எதுவும் இல்லை என்று.

அடையாளமாகக் காட்டிய அந்த இரண்டுக்கும் என்ன நடந்தது என்றும் பாருங்கள். 1939 மார்ச் 15ஆம் தேதி ஜேர்மன் படை செக்கோசிலோவாக்கியத் தலைநகர் பிராகாவுக்குள் நுழைந்தது. மியூனிக் ஒப்பந்தம் அதோடு செத்தது. ஏப்ரல் 28ஆம் தேதி ஹிட்லர் தன் நாடாளுமன்றத்தில் பேசும்போது கடற்படை ஒப்பந்தத்தையும் கைவிட்டார். ஏழு மாதம் நிறையும் முன்பே இரண்டாவது பத்தியில் சாட்சிக்கு நின்ற இரண்டும் போய்விட்டன. 1939 செப்டம்பர் 3ஆம் தேதி பிரித்தானியா போர் அறிவித்தது.

"நம் காலத்துக்குச் சமாதானம்" எண்டு சொன்னது இந்தப் படத்தில தானே?

இல்லை. படத்துக்குக் கீழே அந்த வசனத்தைப் போட்டுப் போட்டு இரண்டும் ஒட்டிக்கொண்டுவிட்டன. ஹெஸ்டனில் அவர் சொன்னது வேறு. செக்கோசிலோவாக்கியப் பிரச்சினைக்குக் கிடைத்த தீர்வு, ஐரோப்பா முழுவதும் சமாதானம் காணக்கூடிய பெரிய தீர்வு ஒன்றின் தொடக்கம் மட்டுமே என்றார். அப்புறம் அந்தத் தாளைப் பற்றிச் சொல்லி, இதோ ஹிட்லரின் பெயரும் என் பெயரும் இருக்கும் தாள் என்று காட்டி, கூட்டத்துக்கு வாசித்தார்.

அங்கிருந்து நேரே பக்கிங்ஹாம் அரண்மனைக்குப் போனார். மன்னர் ஆறாம் ஜோர்ஜோடும் அரசியோடும் மாடத்தில் நின்று மக்களுக்குக் கையசைத்தார். அதன் பிறகு டவுனிங் வீதி வீட்டுக்கு வந்து, மாடி யன்னலில் நின்று, கீழே கூடியிருந்தவர்களிடம்தான் "நம் காலத்துக்குச் சமாதானம் என்று நம்புகிறேன்" என்று சொன்னார். 1878இல் பெர்லின் மாநாட்டிலிருந்து திரும்பிய பிரதமர் டிஸ்ரேலி "மரியாதையோடு சமாதானம்" கொண்டுவந்ததாகச் சொன்ன பேச்சையும் நினைவுபடுத்தினார். வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குங்கள் என்று முடித்தார்.

இன்னொரு சின்னத் திருத்தம். "நம் காலத்தில்" என்றும் பலர் எழுதுகிறார்கள். அது ஆங்கிலத் திருச்சபையின் செபப் புத்தகத்தில் வரும் வரி. அவர் சொன்னது "நம் காலத்துக்கு".

சனம் ஏன் அவ்வளவு சந்தோஷப்பட்டது? ஏமாத்துறான் எண்டு தெரியாதா?

இந்தக் கேள்வியைப் பிள்ளைகள் கொஞ்சம் இளக்காரத்தோடுதான் கேட்பார்கள். முடிவு தெரிந்த பிறகு பார்ப்பவருக்கு எல்லாமே வெளிச்சம். அந்த வாரத்து லண்டனுக்குள் போய் நின்று பாருங்கள். பூங்காக்களில் பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். நாடு முழுவதும் ஏறத்தாழ 3 கோடியே 80 இலட்சம் நச்சுவாயு முகமூடிகளைக் கொடுத்திருந்தார்கள். பிள்ளையின் முகத்தில் ரப்பர் முகமூடியை மாட்டிச் சரிபார்த்த தாய்மார்தான் அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள். 28ஆம் தேதி கடற்படையைத் திரட்ட உத்தரவு போனது. முந்திய போர் முடிந்து இருபது வருடம்கூட ஆகவில்லை. மகனையோ கணவனையோ அதில் பறிகொடுத்த வீடுகள் தெருவுக்குத் தெரு இருந்தன.

கொழும்பில் வளர்ந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தான பிறகு, காலி வீதியில் சோதனைச்சாவடிகள் குறைந்து, அடையாள அட்டையைக் கையில் பிடிக்காமல் நடந்த முதல் நாட்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. அந்த நாட்களில் சிரித்தவர்களை யாராவது முட்டாள்கள் என்றால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். லண்டன் கூட்டத்தையும் அப்படித்தான் பார்க்கிறேன்.

படத்தை எடுத்தது யார்? ஒரிஜினல் எது? கூகிளில ஒவ்வொண்டும் ஒவ்வொரு மாதிரி இருக்கே?

ஒரே ஒரு படம் இருக்கிறது என்று நினைப்பதால் வரும் குழப்பம் இது. அன்று மாலை ஹெஸ்டனில் பல பத்திரிகைகளின், செய்தி முகவரகங்களின் படப்பிடிப்பாளர்கள் நின்றார்கள். சினிமாக் கொட்டகைகளில் காட்டும் செய்திப்படத்துக்காக ஓடும் கமராக்களும் இருந்தன. ஒருவர் நேர் முன்னால், ஒருவர் பக்கவாட்டில், ஒருவர் கொஞ்சம் தள்ளி. தாள் உயர்ந்த அதே சில வினாடிகளை எல்லோரும் பிடித்தார்கள். ஒன்றில் விமானம் தெரியும், இன்னொன்றில் ஒலிவாங்கிகள் பெரிதாகத் தெரியும். எல்லாமே அசல்தான்.

கவனிக்க வேண்டியது வேறொன்று. செப்டம்பர் 16ஆம் தேதி, முதல் பயணம் முடிந்து அவர் இதே ஹெஸ்டனில் இறங்கியபோதும் படம் எடுத்தார்கள். அந்தப் படங்களும் "மியூனிக்கிலிருந்து திரும்பிய சேம்பர்லேன்" என்ற பெயரில் சுற்றுகின்றன. தாளை உயர்த்திக் காட்டினால் அது 30ஆம் தேதி. இல்லையென்றால் தலைப்பை நம்பும் முன் இன்னொரு தடவை பாருங்கள்.

வீடியோவும் பாத்தனான் மிஸ். அந்தக் காலத்தில டிவி இருந்ததா?

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் செய்திப்படம். ஆனால் தொலைக்காட்சியும் இருந்தது. பிபிசி 1936இலேயே அலெக்சாண்ட்ரா மாளிகையிலிருந்து ஒளிபரப்பத் தொடங்கிவிட்டது. சேம்பர்லேன் வந்திறங்கியதை ஹெஸ்டனிலிருந்து நேரடியாகவும் காட்டினார்கள். லண்டனையும் சுற்றுப்புறத்தையும் தாண்டி அது தெரியாது, பெட்டி வைத்திருந்த வீடுகளும் சொற்பம். போர் தொடங்கியதும் அந்த ஒளிபரப்பையே நிறுத்திவிட்டார்கள்.

முடிந்தால் படத்தோடு செய்திப்படத்தையும் பாருங்கள். படத்தில் தாள் விறைப்பாக, ஒரு கொடி மாதிரி நிற்கிறது. ஓடும் படத்தில் அது காற்றில் படபடக்கிறது. அவர் அதைக் கண்ணுக்கு நேரே பிடித்து வாசிப்பதும், இடையிடையே கூட்டம் ஆர்ப்பரிப்பதும் தெரியும். அசையாத படம் வெற்றிச் சின்னம் போல ஆக்கிவிட்ட கையசைவு, நேரில் பார்த்தவர்களுக்கு "இதோ இந்தத் தாள்தான்" என்று பின்வரிசைக்குக் காட்டும் சாதாரணக் கையசைவாகத்தான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

குடை எங்க?

கேலிச்சித்திரங்களில் அவர் குடையில்லாமல் இருக்கமாட்டார், உண்மையிலும் பயணங்களில் கொண்டுபோனார். ஆனால் இந்தப் படத்தின் பொருள் தாள்தான். குடையைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

செக்கோசிலோவாக்கியாக்காரர் ஏன் கையெழுத்துப் போடேல்ல?

அவர்களைக் கூப்பிடவே இல்லை. யாருடைய நிலத்தைப் பற்றிப் பேசினார்களோ அவர்களுக்கு மேசையில் இடம் இல்லை. மஸ்த்னி, மசாரிக் என்ற இரண்டு செக் இராஜதந்திரிகள் மியூனிக்கில்தான் இருந்தார்கள், ஒரு ஹோட்டல் அறையில் காத்துக்கொண்டு. எல்லாம் முடிந்த பிறகு, அவர்களைக் கூப்பிட்டு முடிவைச் சொன்னார்கள். கருத்துக் கேட்கவில்லை. 30ஆம் தேதியே பிராகா அரசு வேறு வழியில்லாமல் ஏற்றுக்கொண்டது. ஒக்டோபர் 5ஆம் தேதி ஜனாதிபதி பெனெஷ் பதவி விலகினார்.

இந்தப் பதிலைச் சொல்லும்போது வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும். படத்தில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேட்டீர்களே, யார் இல்லை என்று இப்போது கேளுங்கள் என்பேன். லண்டன் கூட்டம் ஆர்ப்பரித்த அதே வெள்ளிக்கிழமை, பிராகா தெருக்களிலும் சனம் கூடியிருந்தது. அழுதுகொண்டு. அந்த இரண்டு நகரங்களையும் ஒரே நாளில் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் இந்தப் படம் முழுசாகத் தெரியும்.

சேம்பர்லேன் ஏமாந்தவரா, நேரம் வாங்கினவரா? எக்ஸாமில எதை எழுதுறது?

இரண்டு பக்கத்துக்கும் சான்று இருக்கிறது. இரண்டையும் எழுதிவிட்டு, எது கனமானது என்று நீங்கள் சொல்லுங்கள்.

நேரம் வாங்கினார் என்பவர்கள் விமானப் படையைக் காட்டுவார்கள். ஸ்பிட்பயர் போர் விமானம் முதல் படையணிக்குக் கிடைத்ததே 1938 ஓகஸ்ட் 4ஆம் தேதிதான். மியூனிக் நேரத்தில் அவை விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருந்தன. 1940இல் பிரித்தானிய வானத்தைக் காத்த விமானங்களும் ராடார் நிலையங்களும் இடையில் கிடைத்த காலத்தில் பெருகியவை. எதிர்ப்பக்கம் சொல்வதும் வலுவானது. ஜேர்மனிக்கும் அதே காலம் கிடைத்தது. செக் எல்லையின் கோட்டை அரண்கள் ஒரு குண்டு வெடிக்காமல் கைமாறின. பிறகு முழு நாடும் போனபோது ஸ்கோடா ஆயுதத் தொழிற்சாலையும் போனது. 1940இல் பிரான்சுக்குள் நுழைந்த ஜேர்மன் டாங்கிகளில் செக் டாங்கிகளும் இருந்தன.

அன்றே எதிர்த்தவர்கள் இருந்தார்கள் என்பதையும் எழுத மறக்க வேண்டாம். கடற்படை அமைச்சர் டஃப் கூப்பர் பதவியைத் துறந்தார். முழுமையான தோல்வி இது என்று சேர்ச்சில் நாடாளுமன்றத்தில் பேசினார். ஆனாலும் ஒக்டோபர் 6ஆம் தேதி 366க்கு 144 என்ற வாக்கில் அரசின் நிலைப்பாடு நிறைவேறியது. என் சொந்த எண்ணம் கேட்பீர்கள் என்றால்: தாளை ஆட்டிய மனிதர் அதை உண்மையிலேயே நம்பினார். நேரம் வாங்கும் தந்திரம் என்று பின்னால் அவருக்காகச் சொன்னவர்கள், அவருடைய நம்பிக்கையைச் சற்றுக் குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

இலங்கைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? ஏன் எங்கட சிலபஸில இருக்கு?

அப்போது நாம் பிரித்தானியக் குடியேற்ற நாடு. 1939 செப்டம்பர் 3ஆம் தேதி லண்டன் போர் அறிவித்ததும் இலங்கையும் போரில் இருந்தது, நம்மை யாரும் கேட்கவில்லை. மேலே ஒரு பதிலில் செக்காரரைக் கேட்கவில்லை என்றேனே, அதே கதைதான், வேறு வடிவில்.

அந்தப் போர் கொழும்புக்கே வந்தது. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலை. பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே ஜப்பானியக் கடற்படையணியின் விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தையும் ரத்மலானையையும் தாக்கின. நான்கு நாள் கழித்துத் திருகோணமலை. அதே நாள் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. கொழும்பில் எதிர்த்துப் பறந்த ஹரிகேன் விமானங்களில் ஒரு பகுதி கறுவாத்தோட்டத்தில் இருந்த குதிரைப் பந்தயத் திடலிலிருந்து ஏறியவை. ஆம், இன்று நீங்கள் ஐஸ்கிரீம் சாப்பிடப் போகும் ரேஸ் கோர்ஸ்தான். பந்தயத் திடலை ஓடுதளமாக்கியிருந்தார்கள்.

என் அப்பம்மா அப்போது பத்து வயதுச் சிறுமி, கொட்டாஞ்சேனையில் இருந்தார். தேதியைச் சொல்லமாட்டார், "குண்டு போட்ட ஞாயிறு" என்பார். அந்த வாரமே ஒரு தகரப் பெட்டியும் ஒரு தலையணையுமாக யாழ்தேவி ஓடாத அந்தக் காலத்து ரயிலில் ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம். தலையணையை ஏன் கொண்டுபோனீர்கள் என்று கேட்டால், திரும்பி வருவோமோ தெரியாது என்று நினைத்தோம் என்பார். ஹெஸ்டன் படத்துக்கும் அந்தத் தலையணைக்கும் நடுவில் மூன்றரை வருடம்தான்.

1938இல இந்தப் படம் கொழும்புக்கு எப்பிடி வந்திருக்கும்?

சொல் முன்னால் வந்தது, படம் பின்னால் வந்தது. கடலடிக் கம்பியில் தந்தி ஓடியதால் செய்தி உடனுக்குடன் கிடைக்கும். கொழும்பு வானொலி 1925 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டது. வீரகேசரியும் தினகரனும் அப்போதே நாளிதழ்களாக வந்துகொண்டிருந்தன. ஆனால் அச்சிட்ட படம் தபாலில்தான் வரவேண்டும். அதே 1938 பெப்ரவரியில்தான் டாட்டா நிறுவனத்தின் விமானத் தபால், கராச்சி, பம்பாய், மதராஸ் வழியாக ரத்மலானை வரை நீண்டிருந்தது.

பழைய பத்திரிகைகளைப் புரட்டிப் பார்க்க ஆசையுள்ளவர்கள் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போகலாம். உயர்தர மாணவர்கள் ஒரு தடவையாவது போக வேண்டும். மஞ்சளாகி ஓரம் உதிரும் தாளில் 1938 ஒக்டோபரைத் தேதி தேதியாக வாசிப்பது, என் ஆறு மாத வகுப்புக்குச் சமம்.

இது எங்கட பண்டா-செல்வா ஒப்பந்தம் மாதிரித்தானே?

ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை, பெரும்பாலும் பின்வாங்கிலிருந்து, இதைக் கேட்கும். நான் எதிர்பார்த்துக்கொண்டே இருக்கும் கேள்வி.

1957 ஜூலை 26ஆம் தேதி பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் தந்தை செல்வாவும் கையெழுத்திட்டார்கள். 1958 ஏப்ரல் 9ஆம் தேதி, ரொஸ்மீட் பிளேஸ் வீட்டுக்கு முன்னால் பிக்குகள் அமர்ந்து போராட, பிரதமர் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். நம் வீடுகளில் "கிழித்தெறிந்தார்" என்றே சொல்வோம். கைவிடுவதாக அவர் எழுதியே கொடுத்தார். கையெழுத்துத் தாளின் ஆயுள் குறுகியது என்ற அளவில் ஒற்றுமை தெரிகிறது.

ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. பண்டா-செல்வா ஒப்பந்தத்தில் பாதிக்கப்பட்ட மக்களின் பிரதிநிதி மேசையில் இருந்தார், தன் கையால் கையெழுத்திட்டார். மியூனிக்கில் செக்காரர் வெளியே காத்திருந்தார்கள். பண்டா-செல்வாவில் பிரதேச சபைகள், குடியேற்றம், மொழி என்று செய்யவேண்டிய காரியங்கள் இருந்தன. ஹெஸ்டன் தாளில், நான்காவது கேள்வியில் பார்த்தபடி, விருப்பம் மட்டும்தான். ஒன்று செய்யக்கூடியதாக இருந்தும் செய்யாமல் விட்டது. மற்றது தொடக்கத்திலேயே வெறும் தாள். நம் வலி நமக்குப் பெரிது என்பதற்காக இரண்டையும் ஒன்றாக்கினால், நம்முடையது எவ்வளவு நல்ல வாய்ப்பாக இருந்தது என்பதைத்தான் மறந்துவிடுவோம்.

ராஜீவ் காந்திக்கு எயார்போட்டில வச்சு அடிச்ச படமும் இப்பிடி ஃபேமஸ் தானே?

புகழ்பெற்ற படம்தான், ஆனால் விமான நிலையம் அல்ல. 1987 ஜூலை 29ஆம் தேதி ராஜீவ் காந்தி கொழும்பு வந்து ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தனாவோடு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மறுநாள் 30ஆம் தேதி, புறப்படும் முன், கோட்டையில் ஜனாதிபதி மாளிகைக்கு முன்னால் அணிவகுப்பு மரியாதை. வரிசையில் நின்ற கடற்படைச் சிப்பாய் ஒருவர் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து ஓங்கினார். ராஜீவ் குனிந்து விலகியதால் தலை தப்பியது. அந்தக் கணத்தைப் பிடித்தவர் சேன விதானகம.

விமான நிலையம் என்று சனம் நினைப்பதற்குக் காரணம் தெளிவு. அணிவகுப்பு மரியாதை என்றாலே கட்டுநாயக்காதான் மனதில் வரும். சேம்பர்லேன் படத்தில் யன்னலில் சொன்ன வசனம் விமானத்தளத்துக்கு நகர்ந்தது போல, இங்கே முழு நிகழ்ச்சியே நகர்ந்துவிட்டது.

கலர்ல ஒரு படம் வந்திருக்கு. அது உண்மையா?

இந்தப் படங்கள் கறுப்பு வெள்ளையில் எடுத்தவை. நிறம் பின்னால் கணினியில் போட்டது. கோட்டின் நிறம், கழுத்துப்பட்டியின் நிறம் எல்லாம் போட்டவரின் ஊகம். பார்க்கலாம், ரசிக்கலாம், சான்றாக எழுத வேண்டாம். சில படங்களில் தாளில் எழுத்துத் தெளிவாக வாசிக்கும்படி இருக்கும். அதை யாரோ சேர்த்திருக்கிறார்கள்.

அவருக்குப் பிறகு என்ன நடந்தது? அந்தத் தாள் இப்ப எங்க?

1940 மே 10ஆம் தேதி பிரதமர் பதவியைச் சேர்ச்சிலிடம் விட்டுக்கொடுத்தார். ஆறு மாதத்தில், நவம்பர் 9ஆம் தேதி, புற்றுநோயால் இறந்தார். லண்டன் மீது அப்போது குண்டு விழுந்துகொண்டிருந்தது.

தாள் பத்திரமாக இருக்கிறது, லண்டனில் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில். லண்டனில் சித்தப்பாவோ மாமியோ இருக்கும் பிள்ளைகள் என் வகுப்பில் பாதிப் பேர். விடுமுறைக்குப் போனால் அங்கே விசாரித்துப் பாருங்கள். பார்க்கக் கிடைத்தால் கையெழுத்தைப் பார்க்கும் முன் இரண்டாவது பத்தியை வாசியுங்கள்.